எல்லாப் பருவ டயரும் வெண்பனிச் சாலையும்



வெண்பனியே விழாத நாட்டில் இருந்துகொண்டு, வெண்பனியில் ஓடும் கார் டயரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நாமும் வெண்பனியை நேரில் கண்டதில்லை. கேமரன் மலையின் குளிரே நமக்குப் பெரிது. ஆனால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இன்று எங்கெங்கோ போய் வேலை செய்கிறார்கள். அப்படிப் போன ஒருவரின் தாயார்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம்.

அந்த அம்மையார் முப்பது ஆண்டுகள் பால் வெட்டியவர். அவருடைய ஒரே மகன் நம் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்து, பிறகு பட்டணத்தில் படித்து, இப்போது கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்க்கிறார். வேலைக்குப் போய்வரப் பழைய கார் ஒன்றை வாங்கினார். "ஆல் சீசன் டயர் போட்டிருக்கிறது, எல்லாக் காலத்துக்கும் இதுவே போதும்" என்று சொல்லி விற்றார்கள். நவம்பர் மாதம் முதல் பனி விழுந்த இரவு, ஒரு முச்சந்தியில் பிரேக்கை மிதித்தார். சக்கரம் நின்றது, கார் நிற்கவில்லை. சந்தியைத் தாண்டி எதிர்ப்புறக் கம்பத்தில் போய் இடித்து நின்றது. நல்ல வேளையாக அப்போது வேறு வண்டி வரவில்லை.

மறுநாள் மாலை அந்த அம்மையார் கைப்பேசியும் கையுமாக நம் வீட்டுக்கு வந்தார். "எல்லாக் காலத்துக்கும் ஓடுற டயருன்னு சொல்லித்தானே சார் வித்தாங்க? பொறகு ஏன் சறுக்குச்சு? டயரு நம்ம பால்லதானே சார் செய்யிறாங்க?" என்று கேட்டார். அந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடியதில் நாம் கற்றதையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். குளிர்நாட்டில் உங்கள் பிள்ளையோ உறவினரோ இருந்தால், இதனை அவருக்கும் சொல்லுங்கள்.

முதலில் ஒரு சொல் விளக்கம். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது நம் காலை நனைக்கிறதே, அதையும் பனி என்கிறோம். அது வேறு. நாம் பேசப்போவது வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து தரையில் குவியும் வெண்பனி. அது மிதிபட்டு இறுகினால் ஒரு தன்மை. உருகி மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் ஆனால் வேறொரு தன்மை. இரண்டாவதை நாம் ஐஸ் என்றே சொல்வோம்.

இனி அம்மையாரின் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குவோம். டயர் நம் பாலில்தான் செய்கிறார்களா? ஓரளவுக்குத்தான். சாதாரணக் கார் டயரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மரத்திலிருந்து வந்த ரப்பர். லாரி டயரில் இது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. மற்றது பெட்ரோலிய எண்ணெயிலிருந்து செய்த செயற்கை ரப்பர், கரித்தூள், சிலிக்கா என்னும் நுண்தூள், இரும்புக் கம்பி, துணி இழை, கந்தகம் முதலியவை. இவற்றை எந்த அளவில் கலக்கிறார்கள் என்பதுதான் வெயில் டயரையும் பனி டயரையும் பிரிக்கிறது.

ரப்பருக்கும் பருவத்துக்கும் உள்ள வழக்கு நேற்று வந்ததன்று. 1830ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ரப்பர்க் காலணிகளையும் மழையங்கிகளையும் மக்கள் ஆவலோடு வாங்கினார்கள். கோடை வந்ததும் அவை பிசின்போல் இளகி நாறின. குளிர் வந்ததும் மரக்கட்டைபோல் விறைத்தன. ரப்பர்த் தொழிலே அப்போது படுத்துவிட்டது. சார்லஸ் குட்இயர் என்பவர் 1839ஆம் ஆண்டில் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இந்த இரு குறைகளும் நீங்கும் என்று கண்டார். ஆக, எல்லாப் பருவத்துக்கும் பொருந்தும் ரப்பர் வேண்டும் என்ற தேடல் டயர் பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அது இன்னும் முழுமையாக முடியவில்லை.

குளிரில் ரப்பர் ஏன் விறைக்கிறது? ரப்பர் என்பது நூல்போன்ற நீண்ட மூலக்கூறுகளின் சிக்கல். இளஞ்சூட்டில் அந்த நூல்கள் நெளிந்துகொண்டே இருக்கும். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். குளிரக் குளிர நெளிவு குறையும். ஒரு நிலைக்குக் கீழே போனால் நூல்கள் அசைவற்று, ரப்பர் கண்ணாடிபோல் நொறுங்கும் பொருளாகிவிடும். நம் மரத்து ரப்பருக்கு அந்த நிலை பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை. செயற்கை ரப்பரில் பல வகை உண்டு. பியூட்டடைன் ரப்பர் என்னும் ஒன்று இன்னும் கடுங்குளிரைத் தாங்கும். ஆனால் வெயில்காலத்து ஈரச் சாலையைக் கெட்டியாகப் பற்றவேண்டும் என்று கலக்கப்படும் வகைகள் அவ்வளவு குளிரைத் தாங்குவதில்லை.

இதனை நம் பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்த்தார்கள். ஒரு ரப்பர் வளையத்தையும், தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் பிளாஸ்டிக் குழாயில் ஒரு துண்டையும் குளிர்ப்பெட்டியின் ஐஸ் அறையில் ஓர் இரவு வைத்தார்கள். காலையில் எடுத்தபோது குழாய்த் துண்டு விறைத்து, வளைக்க முரண்டு பிடித்தது. ரப்பர் வளையமோ சற்றுச் சோம்பலாக, ஆனாலும் நீண்டு சுருங்கியது. உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம்.

"அப்படியானால் ரப்பர் டயர் 70 பாகைக் குளிர்வரை நன்றாக ஓடவேண்டுமே" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. ரப்பர் கண்ணாடியாவதற்கு வெகு முன்பே கொஞ்சங்கொஞ்சமாக விறைக்கத் தொடங்கிவிடும். அதோடு, ஓடுகின்ற டயர் சாலையின் ஒவ்வொரு சிறு மேடுபள்ளத்திலும் நொடிக்குப் பல ஆயிரம் தடவை அமுங்கி நிமிர வேண்டும். விறைத்த ரப்பருக்கு அதற்குள் நிமிர நேரம் போதாது. அது சாலையைப் பற்றாமல் மேலோடு வழுக்கிக்கொண்டு போகும். வெயில்காலத்துக்கென்றே செய்த டயர் ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இப்படிப் பிடி தளரத் தொடங்குகிறது என்பது டயர்த் துறையினர் சொல்லும் கணக்கு. கோடு கிழித்தாற்போன்ற எல்லை அன்று. டயருக்கு டயர் மாறும். கேமரன் மலையின் அதிகாலைக் குளிரே பெரும்பாலும் 15 பாகையை ஒட்டியதுதான் என்றால், இந்த எல்லை நம் நாட்டு டயருக்கு ஏன் கவலையில்லை என்பது விளங்கும்.

கலவை ஒரு பாதி. மறு பாதி டயரின் மேல் இருக்கும் வெட்டுக்கள். டயர் தரையைத் தொடும் பகுதியில் வாய்க்கால் வாய்க்காலாக வடிவம் வெட்டியிருக்கிறதே, அதனை மலாய் மொழியில் 'பூ' என்றே சொல்வார்கள். நாமும் பூ என்றே சொல்வோம். பூ தேய்ந்து மழுங்கிய டயரை 'போத்தாக்' என்போம். மொட்டைத் தலைக்கு வழங்கும் சொல்தான். ஈரச் சாலையில் பூவின் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. வெண்பனியில் அதன் வேலை தலைகீழானது. அங்கே பூ பனியைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும்!

இது வியப்பாக இருக்கிறதல்லவா? ஐஸ் கச்சாங் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். சீவிய ஐஸ் கிண்ணத்தில் பூப்போல் கிடக்கும். அதைக் கையில் அள்ளி அமுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியான பந்தாகிவிடும். நம் சிறு பிராயத்தில் அப்படி அமுக்கிச் சிவப்புச் சீனிப்பாகு ஊற்றிக் கொடுத்த ஐஸ் பந்தைச் சப்பாதவர் உண்டா? டயரின் வாய்க்காலில் புகுந்த வெண்பனியும் அப்படித்தான் இறுகுகிறது. இறுகிய அந்தப் பனி, சாலையில் கிடக்கும் பனியோடு பிடித்துக்கொள்கிறது. ரப்பர் பனியைப் பிடிப்பதைவிடப் பனி பனியை நன்றாகப் பிடிக்கும். அதனால் பனிக்கு ஏற்ற டயரில் வாய்க்கால்கள் ஆழமாகவும் அகலமாகவும் இருக்கும்.

பூவின் கட்டைகளை உற்றுப் பார்த்தால் கத்தியால் கீறியதுபோல் மெல்லிய நெளிவெட்டுக்கள் தெரியும். பால்வெட்டுக் கத்தியைப் பிடித்த கைக்கு அந்த நேர்த்தி உடனே புரியும். சக்கரம் உருளும்போது இந்தக் கீறல்கள் சற்று விரிந்து, நூற்றுக்கணக்கான விளிம்புகளாகப் பனியைக் கடிக்கின்றன. இவ்வகை வெட்டுக்கு ஜான் சைப் என்னும் அமெரிக்கர் 1923ஆம் ஆண்டில் உரிமம் பெற்றார். இறைச்சிக் கூடத்தில் வேலை செய்த அவர், ஈரத் தரையில் வழுக்காமலிருக்கத் தம் காலணியின் அடியில் கீறிக்கொண்டார், அதிலிருந்துதான் இந்த எண்ணம் பிறந்தது என்று சொல்வார்கள். கதையில் எவ்வளவு உண்மையோ, ஆனால் தேய்ந்த சிலிப்பரோடு ஈரச் சிமென்டுத் தரையில் நடந்து விழுந்தவர்களுக்கு அதை நம்புவதில் தடை இராது.

பனிக்கென்றே டயர் செய்யும் வழக்கம் பின்லாந்து நாட்டில் தொடங்கியது. 1934இல் லாரிகளுக்கும் 1936இல் கார்களுக்கும் அங்கே பனி டயர் வந்தது. ஆனால் ஆண்டுக்கு இருமுறை டயர் மாற்றுவது செலவும் தொல்லையும் ஆயிற்றே. ஒரே டயர் ஆண்டு முழுவதும் ஓடினால் என்ன என்று எண்ணி, 1977ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குட்இயர் நிறுவனம் டியெம்போ என்ற டயரை எல்லாப் பருவத்துக்கும் உரியது என்று சொல்லி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மக்கள் விரும்பி வாங்கினார்கள். பிற நிறுவனங்களும் தொடர்ந்தன. இன்று வட அமெரிக்காவில் புதுக் கார்களில் பெரும்பாலானவை 'ஆல் சீசன்' டயரோடுதான் கடையைவிட்டு வெளியே வருகின்றன.

இங்கேதான் அந்த மகன் ஏமாந்த இடம் இருக்கிறது. 'ஆல் சீசன்' என்பது ஒரு விற்பனைப் பெயர். அந்தப் பெயரைப் பெற எந்தப் பனியிலும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. டயரின் பக்கவாட்டில் 'எம்' என்ற எழுத்தும் 'எஸ்' என்ற எழுத்தும் சேர்த்துப் பொறித்திருப்பார்கள். சேறும் பனியும் என்பதன் முதலெழுத்துக்கள் அவை. அந்த எழுத்துக்கள் பூவின் வடிவத்தைப் பற்றியவை மட்டுமே. வாய்க்கால்கள் இத்தனை பங்கு இருக்கவேண்டும், இப்படி அமையவேண்டும் என்ற கணக்கு. ரப்பர் குளிரில் விறைக்குமா என்று யாரும் சோதித்தது கிடையாது. கனடா நாட்டவரே இதை மூன்று பருவ டயர் என்று கேலி செய்வதுண்டு. நான்காவது பருவம்தான் அங்கே உயிரை வாங்குகிறது!

சோதித்துப் பொறிக்கும் அடையாளம் வேறு இருக்கிறது. மூன்று சிகரங்கள் உள்ள ஒரு மலை. மலைக்குள்ளே ஆறு கதிர்கள் கொண்ட பனித்துகள் ஒன்று. 1999ஆம் ஆண்டில் அமெரிக்க, கனடிய ரப்பர்த் துறையினர் இந்தச் சின்னத்தைக் கொண்டுவந்தார்கள். இறுகிய வெண்பனியில் ஓட்டிப் பார்த்து, ஒப்பீட்டுக்கென வைத்திருக்கும் குறிப்பிட்ட டயரைவிட ஏறத்தாழ 10 விழுக்காடேனும் கூடுதலாகப் பிடித்தால்தான் மலைச் சின்னம் பொறிக்கலாம். மலைச் சின்னம் பெற்று, அதே சமயம் கோடையிலும் கழற்றாமல் ஓட்டக்கூடிய டயர்களைக் கனடாவில் 'ஆல் வெதர்' என்று பிரித்துச் சொல்கிறார்கள். 'ஆல் சீசன்', 'ஆல் வெதர்' என்று இரண்டும் நம் காதுக்கு ஒன்றுபோலத்தான் விழும். ஐரோப்பாவிலோ இரண்டையுமே ஆல் சீசன் என்ற பெயரிலேயே விற்பார்கள். ஆகவே பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். குனிந்து மலையைப் பாருங்கள்.

அரசாங்கங்களும் இப்போது மலையைத்தான் கேட்கின்றன. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைச் சின்னம் உள்ள டயரோ ஆணி பதித்த டயரோ இல்லாமல் கார் ஓட்டக்கூடாது. ஜெர்மனியில் 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல், எம் எஸ் எழுத்துக்கள் மட்டும் உள்ள டயர் பனிக்கால டயராக ஏற்கப்படுவதில்லை. நம் மாணவர் இருக்கும் ஒன்டாரியோவில் இப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், பனிக்கால டயர் போட்டவர்களுக்குக் கார்க் காப்புறுதி நிறுவனங்கள் கட்டணத்தில் கழிவு தரவேண்டும் என்பது அங்கே சட்டம். தாம் வாங்கும் டயருக்கு அந்தக் கழிவு உண்டா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

மலைச் சின்னம் இருந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாமா? கூடாது. அந்தச் சோதனையில் வட அமெரிக்காவில் பெரும்பாலும் அளப்பது, வண்டி வெண்பனியில் சுழலாமல் உந்திக் கிளம்பும் ஆற்றலை. நிற்கும் ஆற்றலையோ, வளைவில் திரும்பும் ஆற்றலையோ, ஐஸ் மேல் பிடிக்கும் ஆற்றலையோ அது நேராகச் சொல்வதில்லை. அதிலும் ஐஸ் பொல்லாதது. கடுங்குளிரில் இறுகிக் கிடக்கும் ஐஸைவிட, பூஜ்யம் பாகையை ஒட்டி மேலே நீர்ப்படலத்தோடு மின்னும் ஐஸ்தான் அதிகம் வழுக்கும். அதன்மேல் எந்த ரப்பர் டயரும், விலை எவ்வளவானாலும், தடுமாறத்தான் செய்யும்.

ஆக, எல்லாப் பருவ டயர் என்பது ஒரு சமரசம். பனிக்காக ரப்பரை மென்மையாக்கினால் கோடையின் சூட்டுச் சாலையில் சீக்கிரம் தேயும். பிரேக்கும் சற்று மந்தமாகும். கோடைக்காகக் கெட்டியாக்கினால் பனியில் விறைக்கும். 1990ஆம் ஆண்டுகளில் கரித்தூளுக்குப் பதில் பெரும்பங்கு சிலிக்காவைக் கலக்கும் முறை பரவிய பிறகு இந்த இழுபறி கொஞ்சம் தளர்ந்தது. சிலிக்கா சேர்ந்த ரப்பர் ஈரத்தையும் பிடிக்கும், குளிரிலும் அவ்வளவாக விறைக்காது. இன்றைய நல்ல ஆல் வெதர் டயர், முப்பது ஆண்டுகளுக்கு முன் இருந்த எல்லாப் பருவ டயரைவிட வெண்பனியில் எவ்வளவோ மேல். ஆனாலும் பனிக்கென்றே செய்த டயரை ஐஸிலும் ஆழப் பனியிலும் அது எட்டுவதில்லை.

அப்படியானால் யார் எதை வாங்குவது? நம் கருத்து இது. பட்டணத்தில் குடியிருந்து, பனி விழுந்ததும் நகராட்சி வண்டி வழித்துப் போடும் சாலைகளில் போய்வருபவருக்கும், ஆண்டில் சில வாரங்களே பனி காண்பவருக்கும் மலைச் சின்னம் உள்ள எல்லாப் பருவ டயர் போதும். மாதக்கணக்கில் பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 பாகை இருக்கும் இடத்திலும், மலைச் சாலையிலும், பனி வழிக்காத கிராமப் பாதையிலும் ஓட்டுபவர், பணத்தைப் பாராமல் தனிப் பனி டயர் நான்கு வாங்கி, கோடையில் கழற்றி வைப்பதே அறிவுடைமை. இரண்டு கட்டு டயரும் மாறி மாறி ஓடுவதால் ஒவ்வொன்றும் அதிக ஆண்டுகள் உழைக்கும். செலவு இரட்டிப்பு என்று நினைக்க வேண்டாம்.

நம் மாணவருக்கு எது என்பதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு வாக்குவாதமே நடந்தது. அவர் இரவில் போகும் சாலையை எண்ணி, தனிப் பனி டயரே சரி என்றோம் நாம். "சார், நான் இருக்கிறது வாடகை அறை. கழட்டின டயரு நாலையும் எங்கே வெக்கிறது?" என்று அவர் கைப்பேசியில் கேட்டார். அதுவும் உண்மைதானே. தோட்டத்து லயமாக இருந்தால் வீட்டுக்குப் பின்னால் போட்டு வைக்கலாம். கடைசியில், மலைச் சின்னம் உள்ள ஆல் வெதர் டயர் நான்கு வாங்குவது என்றும், ஐஸ் மழை பெய்யும் இரவுகளில் ஒரு நாள் சம்பளம் போனாலும் காரை எடுப்பதில்லை என்றும் முடிவாயிற்று. இரண்டாவது நிபந்தனையை விதித்தவர் தாயார்.

நான்கு என்று அழுத்திச் சொன்னோம். பணம் மிச்சமாகட்டும் என்று முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் நல்ல டயர் போடுவோர் உண்டு. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில் பின்பக்கம் வீசி அடித்துக் கார் தலைகீழாகத் திரும்பிவிடும். நான்கு சக்கரமும் உந்தும் வண்டி வைத்திருப்போரும் ஏமாந்து போகிறார்கள். அந்த ஏற்பாடு வண்டி கிளம்புவதற்கு உதவும், நிற்பதற்கு உதவாது. நிறுத்துவது பிரேக்கும் டயரும்தான்.

பூவின் ஆழத்தையும் பார்க்க வேண்டும். புதுக் கார் டயரில் அது ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் இருக்கும். 1.6 மில்லிமீட்டர்வரை ஓட்டலாம் என்று பல நாட்டுச் சட்டங்கள் இடம் தருகின்றன. அது காய்ந்த சாலைக்குச் சரி. வெண்பனிக்கு 4 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பனியைப் பிடித்து வைக்க வாய்க்கால் இல்லை என்று பொருள். மலைச் சின்னம் பக்கவாட்டில் இருந்தும் பயனில்லை. மாணவரின் பழைய டயரில் அளவுகோல் வைத்துப் பார்க்கச் சொன்னோம். 3 மில்லிமீட்டர்கூட முழுதாக இல்லை. மலையும் இல்லை, பூவும் இல்லை. கார் எப்படி நிற்கும்?

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. குளிரில் காற்று சுருங்கும். ஒவ்வொரு 6 பாகை குறையும்போதும் டயரின் அழுத்தம் ஏறத்தாழ 1 பி.எஸ்.ஐ. இறங்கும். 20 பாகைச் சூடுள்ள பட்டறைக்குள் 33 அடித்துக்கொண்டு வந்தால், பூஜ்யத்துக்குக் கீழே 16 பாகையில் நிற்கும்போது அது 27 ஆகிவிடும். ஆகையால் வண்டி வெளியே நின்று குளிர்ந்த பிறகு அளக்க வேண்டும். எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். டயரின் அளவையும் சுமை எண்ணையும் அதே தாளைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

வேகத்தைப் பற்றி நாம் சொல்லாமலே உங்களுக்குத் தெரியும். ஆனாலும் பள்ளிக் கணக்கு ஒன்று: மணிக்கு 30 கிலோமீட்டரில் போகும் வண்டி நிற்க ஒரு பங்கு தூரம் வேண்டுமானால், 60இல் போகும் வண்டிக்கு நான்கு பங்கு வேண்டும். இரண்டு மடங்கு வேகத்துக்கு இரண்டு மடங்கு தூரம் என்று எண்ணியே பலர் மோதுகிறார்கள்.

மாணவர் டயர்க் கடைக்குப் போன அன்று தாயாரும் நம் வீட்டில்தான் இருந்தார். கடைக்காரர் நல்ல விலைக்கு ஒரு கட்டு காட்டினார். மலைச் சின்னம் இருந்தது. பூ ஆழமாக இருந்தது. ஒருமுறைகூடச் சாலையில் ஓடாத டயர் என்றார். பக்கவாட்டில் நீண்ட குறியீட்டின் கடைசியில் இருக்கும் நான்கு இலக்கங்களைப் படித்துக் காட்டச் சொன்னோம். 3017 என்றார் மாணவர். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். அதாவது அந்த டயர் 2017ஆம் ஆண்டின் 30ஆவது வாரத்தில் செய்தது. ஓடாமல் அடுக்கி வைத்திருந்தாலும் காற்று பட்டு ரப்பர் நாளடைவில் இறுகும். பனிக்கு வேண்டிய மென்மைதான் முதலில் போகும்.

தாயார் கைப்பேசியை நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "வேணாம்பா. ஒட்டுப்பாலைப் போட்டு வெச்சாலே நாளாக ஆகக் கட்டையாப் போவும். இது எத்தனை வருசத்துச் சரக்கு! வேற எடுக்கச் சொல்லு" என்றார். கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் வேறு நான்கு எடுத்து வந்தார். விலை சற்றுக் கூடுதல். ஆனால் அந்த ஆண்டே செய்தவை. மாணவர் ஒவ்வொன்றின் இலக்கத்தையும் தனித்தனியே படித்துச் சொல்ல, தாயார் நம் பள்ளி நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் நான்கையும் எழுதிக்கொண்டார்.